பழைய குளியல் தொட்டிக்குப் புதுநிறம் ஏற்றுதல்: நாஞ்சில் நாட்டுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

குளியல் தொட்டி என்பது ஆள் ஒருவர் காலை நீட்டிக் கிடக்கும் நீளமும், எழுந்திருக்கும்போது பிடிமானம் தேடவைக்கும் ஆழமும், அடியில் ஒரு துளையும் உடைய கலம். அதன் மேற்பூச்சு மங்கி, கீறி, கறை பிடித்தபின், கலத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்றுவது மறுபூச்சு எனப்படும். நாஞ்சில் நாட்டில் இதற்குக் காரணங்கள் மூன்று. தொட்டியைப் பெயர்த்தால் தரை ஓடும் சேர்ந்து பெயரும். பெயர்ந்த ஓட்டின் நிறத்தில் இன்று கடையில் ஓடு கிடையாது. வீட்டில் கல்யாணம் வருகிறது. மூன்றாவதே தலையாய காரணம் என்பதில் கருத்து வேறுபாடில்லை (கொத்தனார் வாய்மொழி).

எந்தப் பொருளையும் சிந்துவெளியிலிருந்து தொடங்காத கட்டுரை கருத்தரங்கில் ஏற்கப்படுவதில்லை. ஆகவே: மொகஞ்சதாரோவின் பெருங்குளத்துக்கு நீர் கசியாதிருக்க நிலக்கீல் பூசப்பட்டிருந்தது. அதன் நிறம் கறுப்பு. அதை யாரேனும் பின்னர் இளநீலமாக மாற்ற விரும்பினரா என்பது மேலாய்வுக்குரியது. ஆர்க்கிமிடீஸ் தொட்டியிலிருந்து எழுந்தோடிய கதையைச் சொல்லும் விட்ருவியஸ், தொட்டியின் நிறத்தைச் சொல்லாமல் விட்டார். 1793-ல் பிரெஞ்சுப் புரட்சியாளர் மாரா தம் தொட்டியிலேயே கொல்லப்பட்டார். அதே ஆண்டு அக்காட்சியைத் தீட்டிய ஓவியர் தாவீது, தொட்டியைத் துணிபோட்டு மூடிவிட்டார். மூன்று முதன்மைச் சான்றுகளில் இரண்டு இப்படிக் கைவிரிப்பது தற்செயலாக இருக்க முடியாது. தமிழகத்திலும் நிலைமை இதுதான். காந்தளூர்ச் சாலையில் ராஜராஜன் அறுத்த கலம் கப்பலா, உண்கலமா என்று பல தலைமுறையாக மல்லுக்கட்டும் அறிஞர் பெருமக்களில் ஒருவரும், அது குளிக்கும் கலமாக இருக்கக்கூடுமோ என்று கேட்டாரில்லை.

இத்துறையில் எச்சரிக்கை தேவை. 1917 டிசம்பர் 28 அன்று நியூயார்க் ஈவினிங் மெயில் நாளிதழில் எச்.எல். மென்கென் குளியல் தொட்டியின் வரலாறு ஒன்றை எழுதினார். அமெரிக்காவின் முதல் தொட்டி 1842-ல் சின்சினாட்டியில் நிறுவப்பட்டது; மருத்துவர்கள் அதைக் கேடு என்றார்கள்; குடியரசுத் தலைவர் ஃபில்மோர் வெள்ளை மாளிகையில் ஒன்றை வைத்தபிறகே ஊர் வாயடங்கியது. அத்தனையும் கட்டுக்கதை. ஆனால் அது நூல்களில் ஏறியது, அந்நூல்களிலிருந்து வேறு நூல்களுக்கு இறங்கியது. 1926-ல் மென்கெனே எல்லாம் பொய் என்று எழுதினார். அதன்பிறகும் மேற்கோள் நிற்கவில்லை. கட்டணம் கட்டினால் எதையும் அச்சேற்றும் ஆய்விதழ்கள் அந்நாளில் இல்லாமலே இவ்வளவு நடந்தது.

தொட்டிகள் செய்பொருளால் ஐவகைப்படும். வார்ப்பிரும்புத் தொட்டி நூறு கிலோவைத் தாண்டும். இரும்பின்மேல் கண்ணாடித் தூளைப் படியவைத்து, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்டிய எனாமல் பூச்சுடையது. அந்தச் சூட்டைக் குளிமுறியில் உண்டாக்க இயலாது என்பதால், வீட்டில் செய்யும் மறுபூச்சு எனாமல் ஆகாது. எபாக்சி அல்லது பாலியூரிதேன் பெயிண்டே ஆகும். எஃகுத் தொட்டியும் எனாமல் பூசியதே. தட்டினால் ஓசை எழும். ஃபைபர் தொட்டி ஓசை எழுப்பாது. அக்ரிலிக் தொட்டி, ஃபைபர் தொட்டியின் பணக்காரச் சொந்தம். ஐந்தாவதான சிமெண்ட் தொட்டி கிணற்றடிக்கு உரியது. அதில் ஆள் இறங்குவதில்லை, வாளிதான் இறங்கும்.

பயன்பாட்டால் வகைப்படுத்தினால் பொருள் விரியும். ஆறும் குளமும் சானலும் நிறைந்த நாட்டில், ஓடும் நீரிலோ தலையில் கவிழ்க்கும் நீரிலோ குளித்தவர்களுக்கு, தன் அழுக்கில் தானே ஊறும் முறை கடைசிவரை பிடிபடவில்லை. மாடிவீடு கட்டும்போது வரைபடத்தில் இருந்ததனால் தொட்டி வந்தது. வந்ததைச் சும்மா விடுவதும் இந்நாட்டு வழக்கமன்று. கரண்டு போகும் நாளுக்குத் தண்ணீர் பிடித்துவைக்கும் தொட்டி, போர்வை ஊறும் தொட்டி, மட்டிக் குலையைச் சாக்கு போட்டுப் பழுக்கவைக்கும் தொட்டி, வருக்கைச் சக்கை கிடக்கும் தொட்டி, கல்யாணம் கழிந்து திரும்பிய சருவமும் உருளியும் கழுவக் காத்திருக்கும் தொட்டி எனப் பலவாகும். குளிக்கும் தொட்டி என்றொரு வகையும் உண்டு என்பர். நேரில் கண்ட சான்று கிட்டவில்லை.

இனி செய்முறை. தொட்டியும் சுவரும் சேரும் மூலையில் உள்ள பழைய சிலிக்கானைக் கத்தியால் ஒட்டற எடுக்க வேண்டும். சோப்புப் பிசுக்கும் எண்ணெயும் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும்; தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் நாட்டில் இதற்கே பாதி நாள் பிடிக்கும். பின்னர் 400 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க, பால்போல் ஒரு குழம்பு வழியும். அதைக் கழுவிப் பார்த்தால் பளபளப்பு செத்திருக்க வேண்டும். எங்கே மினுங்குகிறதோ அங்கே பெயிண்ட் உரியும் என்மனார் பெயிண்டர். உலர்ந்தபின், தின்னர் தொட்ட பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். புதுத்துணி நூல் விடும். குழாயின் வாயில் பாலிதீன் பையைக் கட்டவேண்டும். ஈரப் பூச்சில் விழும் ஒரு சொட்டு, அங்கே ஒரு குழியாக நிலைத்துவிடும். ஹார்டனர் கலந்த பெயிண்ட் டப்பாவிலேயே இறுகத் தொடங்குமாதலால், கலக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாகாது. முதல் கோட்டிங் அடிநிறத்தை மறைக்காது. மறைத்தால் கனமாக அடித்துவிட்டதாகப் பொருள், அது வழியும்.

பழைய பூச்சை உரிக்க மெத்திலீன் குளோரைடு கலந்த ரசாயனத்தைக் கையாளும் பழக்கமும் உண்டு. இதில் வேடிக்கை இல்லை. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. குனிந்து வேலை செய்பவரின் முகம் இருக்கும் தொட்டிக்குள்ளேயே தேங்கும். 2000 முதல் 2011 வரை அமெரிக்காவில் இவ்வேலையில் குறைந்தது 13 பேர் இறந்ததாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் 2012-ல் பதிவு செய்தது. உரிப்பதற்கு வாட்டர் பேப்பர் போதும். எபாக்சிக்கும் தின்னருக்கும்கூட, சன்னலைத் திறந்து, ஃபேன் வைத்து, முகமூடி அணிந்துதான் நுழைய வேண்டும்.

காலம் பார்ப்பது இன்றியமையாதது. இரு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. ஈரக்காற்றில் எபாக்சியின் ஹார்டனர், காற்றிலுள்ள கரியமில வாயுவோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து, மேலே பிசுபிசுவென்று ஒரு வெண்படலம் விடும். இடவப்பாதியில் பூசியதும் ஐப்பசி அடைமழையில் பூசியதும் இதனால் கெடும். கும்பப்பூ அறுவடை முடிந்த கையோடு, மாசி பங்குனியில் பூசுவதே முறை. கல்யாணத் தேதி இதை அனுசரிப்பதில்லை.

எஞ்சியது நிறம். அறிஞர் பிளவுபடுவது இங்கேதான்.

வெள்ளை மரபினர் மண்ணின் பெருமையைக் காட்டுவர். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலின் தடம்பற்றி வந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மோனசைட்டைக் கண்டார் என்பது வழங்கும் வரலாறு. அதே மணலில் கிடப்பது இல்மனைட். கன்னங்கரிய அந்த மணலிலிருந்து பிரிவதே டைட்டானியம் டை ஆக்சைடு. உலகின் வெள்ளைப் பெயிண்டுகளுக்கெல்லாம் வெண்மை தருவது. ஆகவே எந்த ஊர் வெள்ளைத் தொட்டியிலும் மணவாளக்குறிச்சி உள்ளுறையாக இருக்கலாம் என்று இவர்கள் நிறுவுவர் (ஹார்ட்வேர் கடை விலைச்சீட்டின் பின்பக்கம், பென்சில் எழுத்து).

இதை மறுப்பது கறைவண்ணக் கொள்கை. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்து வரும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகி, குழாயடியிலிருந்து துளைவரை நாக்குப்போல் ஒரு செங்கறையை நீட்டும். வெள்ளையில் அது ஆறே மாதத்தில் தெரியும். தெரியும் கறையைப் போக்குவது ஒரு வழி. கறையின் நிறத்தையே தொட்டி முழுக்கப் பூசிவிடுவது இன்னொரு வழி. கொள்கையின் மூலம்: பெண்வீட்டுச் சித்தப்பா ஒருவர், இரண்டாம் பந்தி எழுந்து மூன்றாம் பந்தி அமரும் இடைவெளியில், அவியல் வாளிக்கும் எரிசேரி வாளிக்கும் நடுவே நின்று ஆற்றிய உரை, அச்சேறாதது, கேட்ட இருவரில் ஒருவர் உரை முடியுமுன் பாயசத்துக்குப் போய்விட்டார். பாயசத்துக்குப் போனவர் வழிவந்த பாடம் ‘செம்மண் நிறம்’ என்கிறது. நின்று கேட்டவர் பாடம் ‘கட்டன் சாயா நிறம்’ என்கிறது. முன்னதே மூலபாடம் என்று நிறுவ, அன்றைய பந்தி இலையின் ஓரத்தில் ஒட்டியிருந்த இஞ்சிக் கறியின் நிறத்தை ஒப்பிட்டுக் காட்டும் ஓர் உரை உண்டு. அந்த உரைக்கு ஒரு மறுப்பும், மறுப்புக்கு ஓர் அரும்பத விளக்கமும், விளக்கத்தைத் திருடியது யார் என்பதுபற்றித் துறைத்தலைவர் முன் ஒரு விசாரணையும் உண்டு.

கொள்கையிலும் ஓட்டை உண்டு. கறை ஒரே நிறமாக நிற்பதில்லை. குழாயடியில் கருஞ்சிவப்பு, ஓரத்தில் இளமஞ்சள். எனவே தொட்டியைப் படிப்படியாக நிறம் மாற்றிப் பூசவேண்டும். அப்படிப் பூசினாலும், வீட்டார் மனம் மாறிக் குடிநீர் இணைப்புக்கு மாறினால், கறை நின்றுபோய் வெறும் சித்திரம் மிஞ்சும். உப்புநீர் வரும் கடற்கரை ஊர்களில் படிவது வெள்ளை; அது செந்நிறத் தொட்டியில் பளிச்சென்று காட்டிக் கொடுக்கும். இக்கொள்கையினர் கடற்கரை ஊர்களை ஆய்வு எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது இதனால்தான். சான்று ஒத்துவராவிட்டால் எல்லையைச் சுருக்குவது பல்கலைக்கழகங்களில் நன்கு வேரூன்றிய முறை.

கறுப்பு மரபினர் பத்மநாபபுரம் அரண்மனையின் தரையைக் காட்டுவர். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டை வெண்கரு முதலியன கலந்து மெழுகியதாகச் சொல்லப்படும் அந்தத் தரையில் இன்றும் முகம் தெரியும். அதையே தொட்டிக்குப் பூசலாமே என்பது வாதம். ஒரு தொட்டிக்கு எத்தனை முட்டை என்பது முடிவாகவில்லை. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில். மாநில எல்லை மாறிய 1956 நவம்பர் 1-க்குப் பிறகும் அதைக் காப்பது கேரளத் தொல்லியல் துறை. முட்டைக்கணக்கைக் கேட்டு எந்தத் தலைநகருக்கு விண்ணப்பிப்பது என்பதிலேயே இவ்வாய்வு தேங்கிக் கிடக்கிறது.

நீலம்: நீச்சல்குளம் மாதிரி இருக்கும். பச்சை: பாசி தெரியாது. ரோஸ்: பழைய சினிமா.

இரண்டாம் கோட்டிங் ஆனபின் டப்பாவில் எழுதியுள்ளபடி இரண்டு மூன்று நாளாவது தண்ணீர் படாமல் விடவேண்டும். அந்நாள்களில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கிணற்றடியில் குளிப்பர். பிறகு ஓரங்களில் புதிய சிலிக்கான் இட்டு, அது உலர்ந்தபின் குழாயைத் திறக்கலாம். ஆசிட், ப்ளீச்சிங் பவுடர், கம்பிநார் மூன்றும் ஆகா. தேங்காய்நாரும் சோப்புத் தண்ணீரும் போதும். சருவத்தை உள்ளே வைப்பதானால் அடியில் சாக்கு விரித்து வைக்கவும்.