பலூனில் போன மாப்பிள்ளை

லில்லியன் நார்டனுக்குப் பெயர்கூடப் புதிதாகக் கிடைக்கவில்லை. இறந்துபோன அக்காவின் பெயர் வீட்டில் சும்மா கிடந்தது, எடுத்துச் சூட்டிவிட்டார்கள். 1857, அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், ஃபார்மிங்டன். அம்மா வழித் தாத்தா, கூட்டம் கூட்டி முழங்கும் மெதடிஸ்ட் பிரசங்கி. பேத்தியின் தொண்டை அங்கிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். வீட்டார் பாடகியாக்க நினைத்ததென்னவோ இன்னொரு அக்காவை. அவளும் போய்ச் சேர்ந்த பிறகே அம்மாவின் கண் கடைக்குட்டிமேல் விழுந்தது.

பாஸ்டனில் பாட்டுப் படிப்பு. 1878இல் கில்மோரின் பாண்டு கோஷ்டியோடு ஐரோப்பா. மிலானில் வாத்தியார் சான்ஜோவான்னி, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இத்தாலிய ஆப்பராவில் கரைசேர முடியாது என்று முடிவுகட்டி, ‘ஜீலியா நோர்டிகா’ ஆக்கினார். வடக்கத்தி அல்லி என்று பொருள். இரண்டாவது பெயரும் அடுத்தவர் உபயம்.

1883இல் கல்யாணம். மாப்பிள்ளை ஃப்ரெடெரிக் கோவர் தூரத்துச் சொந்தம். டெலிபோன் வியாபாரத்தில் பணம் பார்த்தவர். தாலி கட்டிய கையோடு, மேடையேறக் கூடாது என்றார். 1885இல் அம்மாள் பிரிவு கேட்டு கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே மாப்பிள்ளை இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டுகிறேன் என்று பலூன் ஏறினார். அதோடு சரி. மனைவியிடமிருந்து கம்பி நீட்டிய ஆண்கள் சரித்திரத்தில் ஏராளம். வானத்து வழியாகப் போனவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று வதந்தி வேறு. அம்மாள் சுமங்கலியா, விதவையா என்று சொல்ல ஆளில்லை.

1894இல் ஜெர்மனியின் பைராய்ட்டில், இசையமைப்பாளர் வாக்னரின் மனைவி கோஸிமாவின் கண்டிப்பான மேற்பார்வையில், ‘லோஹன்கிரின்’ ஆப்பராவில் எல்ஸாவாகப் பாடினார். அங்கே பாடிய முதல் அமெரிக்கர். கதை என்ன தெரியுமா? அன்னம் இழுக்கும் படகில் ஒரு கணவன் வருகிறான்; ஊர் பேர் கேட்டதும் கிளம்பிப் போய்விடுகிறான். எல்ஸா பரிதவிக்கிறாள். இதற்கு கோஸிமா எதற்கு? ஒத்திகையெல்லாம் வீட்டிலேயே முடிந்திருந்தது.

அடுத்த ஆண்டு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் இஸோல்ட் வேடம். ஒவ்வொரு வேடத்தையும் மாடாக உழைத்துப் பாடம் செய்தவர், மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் ஒத்திகை பார்க்கவேயில்லை. 1896இல் ஹங்கேரிப் பாடகர் ஸோல்தான் டோமே, 1904இல் விவாகரத்து. 1909இல் ஜார்ஜ் யங், பாங்கர். நடுவில் கோகோ கோலா விளம்பரத்தில் முகம் காட்டினார். கணவன்மார்களைவிட அந்தப் பானம் நிதானமானது, இன்றும் இருக்கிறது.

மெட்ரோபாலிட்டன் நூலகர் மேப்பில்சன் மெழுகுருளையில் பதிந்த ஒலிகளில் அவர் குரலும் உண்டு. வடை பொரியும் சத்தத்துக்குப் பின்னால், நாலாவது தெருவில் யாரோ பாடுவதுபோல் கேட்கும். அப்படியும் அந்த உச்சஸ்தாயி தப்பி வருகிறது.

1913 கடைசியில், உலகச் சுற்றுப்பயணத்தில், சிட்னியிலிருந்து ‘டாஸ்மன்’ என்ற கப்பலைப் பிடிக்க வேண்டும். அம்மாளுக்கு நேரமாகிவிட்டது. நிறுத்தி வையுங்கள் என்று தந்தி கொடுத்தார். காப்டன் காத்திருந்தார். மூன்று புருஷர்களும் காட்டாத மரியாதை! அந்தக் கப்பல்தான் பவளப்பாறையில் ஏறி, மூன்று நாள் நகராமல் நின்றது. குளிர் தாக்கி நிமோனியா. தர்ஸ்டே தீவில் படுத்த படுக்கையாக இருந்தபோது உயில் எழுதினார்: சொத்து சகோதரிகளுக்கு, யங்குக்கு ஒன்றுமில்லை. 1914 மே 10, பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) காலமானார்.

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு அவர் நினைவாக ஒன்றுக்குப் பெயர் சூட்டியது. சரக்குக் கப்பலுக்கு.