மலைநாட்டு முதுகுப்பொதியர் இலக்கணம்

1. வரையறை

முதுகுப்பொதியர் எனப்படுவோர் யாரெனின், உடைமை முழுவதையும் ஒரே பைக்குள் திணித்து, அந்தப் பையை முதுகில் ஏற்றி, ஆகக் குறைந்த காசில் ஆகக் கூடிய நாள் ஊர் சுற்றுவோர் என்க. இவ்வினம் உலகெங்கும் உண்டு. நடு அமெரிக்காவில், குவாத்தமாலாவின் ஆதித்லான் ஏரிக்கரையிலும், அமெரிக்கப் பள்ளிகள் கழித்துவிட்ட பழைய பஸ்களின் இருக்கைகளிலும் திரளாகக் காணப்படும். இலங்கையில் இதன் செழிப்பான வாழிடம், கண்டியிலிருந்து ஹட்டன், நானுஓயா வழியாக எல்லவுக்குப் போகும் ரயிலின் மூன்றாம் வகுப்பு வாசற்படி.

இவ்வினத்தை அடையாளங்காண இலக்கணம் மூன்று. ஒன்று, முதுகில் சுமை. இரண்டு, காசை எண்ணி எண்ணிச் செலவிடல். மூன்று, திரும்பிப் போக ஒரு வீடும் அதற்கான விமானச் சீட்டும் வைத்திருத்தல். முதலிரண்டே போதுமெனின், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் முதுகுப்பொதியர் ஆகிவிடுவர். இது அதிவியாப்தி என்னும் குற்றமாம். ஆகவே மூன்றாவது இன்றியமையாதது. முதலிரண்டும் நிரம்பி மூன்றாவது இல்லாதோருக்குத் தோட்டத்து ஆட்கள் என்று வேறு பெயர் உண்டு.

2. முன்னோர்

இவ்வினத்தின் மூதாதை இப்ன் பதூதா என்பர் ஒரு சாரார். மொரோக்கோவில் பிறந்த அவர் 1344இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாதமலை ஏறினார். ஆயினும் அவரை இவ்வினத்தில் சேர்ப்பதற்குத் தடை ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும் வழித்துணையும் உணவு சுமக்க ஆட்களும் கொடுத்தனுப்பினார். பொதி இருந்தது, முதுகு வேறொருவருடையது. எனவே அவர் மன்னர் செலவில் வந்த விருந்தினர் என்றே கொள்ளத்தகும்.

செலவே இன்றி உலகம் சுற்றியது எதுவெனின், காப்பித் துரு நோய். இலங்கையில் 1869இல் கண்டறியப்பட்ட இந்தப் பூஞ்சணம், சில ஆண்டுகளில் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்துத் தேயிலைக்கு வழிவிட்டது. பின்னர் அவசரமின்றிப் பயணித்து 1970இல் பிரேசிலையும், 1976இல் நடு அமெரிக்காவின் நிக்கராகுவாவையும் அடைந்தது. சீட்டு எடுக்கவில்லை, விசா கேட்கவில்லை, சென்ற இடமெல்லாம் உள்ளூர் உணவையே உண்டது. குறைந்த செலவுப் பயணத்தில் இதனை விஞ்சிய உயிர் இன்னும் பிறக்கவில்லை.

மூன்றாவதாகக் கருதத்தக்கோர், 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்துவந்த தொழிலாளர். பொதி உண்டு, காசு இல்லை, நடை மிகுதி. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தோர் ஏராளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர்களுக்கெனத் தகரத் துண்டு என்றொரு பயண முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகர வில்லையைக் காட்டினால் கப்பலிலும் ரயிலிலும் காசில்லாமல் ஏறலாம். வந்து சேர்ந்ததும் அந்தச் செலவு கடனாக ஏறும். முன்கூட்டியே எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்ட பயணத்துக்கு மலைநாட்டில் இதுவே பழைய சான்று. அதில் திரும்புவதற்கான துண்டு சேர்க்கப்படவில்லை என்பது மட்டும் குறை.

அக்குறை 1964இல் நீக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை இத்தொழிலாளரின் வழிவந்தோரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. தகரப் பெட்டியும் பாய்ச் சுருளுமாய் மலைநாட்டு ஸ்டேஷன்களில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம் போனவர்கள் பல்லாயிரவர். திரும்பிப் போகிறார்கள் என்று பதியப்பட்ட அவர்களில் பலர் அந்த ஊரை அதற்கு முன் கண்டதில்லை. ஆதலின் மூன்றாம் இலக்கணம் இவர்களுக்கும் பொருந்தாது.

இன்றைய வகையின் நேரடி முன்னோர் 1970களில் தோன்றினர். டோனி வீலர், மொரீன் வீலர் என்னும் இணையர் 1973இல் ஆசியாவைக் குறைந்த செலவில் கடப்பது பற்றிய கையேடொன்றை வெளியிட்டனர். லோன்லி பிளானட் நூல் வரிசை அதிலிருந்து கிளைத்தது. யாரும் போகாத இடத்துக்குப் போகும் வழியை எல்லோருக்கும் சொல்வது அக்கையேடுகளின் நெறி.

3. முதற்பொருள்

நிலம் குறிஞ்சி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். நாட்டின் மிக உயரமான ரயில் நிலையமாகிய பட்டிப்பொல அதனினும் சற்று மேலே உள்ளது. குறிஞ்சிப் பூவின் இனத்தைச் சேர்ந்த நெலுச் செடி ஹோர்ட்டன் சமவெளியில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும். முதுகுப்பொதியரின் விசா அவ்வளவு காலம் நீடிப்பதில்லை என்பதால் அவர்கள் தேயிலையையே கண்டு அமைவர்.

பெரும்பொழுது, டிசம்பர் போயா நாள் முதல் மே மாத வெசாக் போயா வரை. இது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். வழியெங்கும் விளக்கு எரியும், விடிய விடியத் தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். புறனடை ஏப்ரல். அம்மாதம் நுவரெலியாவில் சீசன். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கொழும்புக் கார்களும் சேர்ந்து அறை வாடகையை ஏற்றிவிட, இவ்வினம் எல்ல பக்கமாக இடம்பெயரும்.

சிறுபொழுது, இரவு இரண்டு மணி. அந்நேரம் நல்லதண்ணியில் எழுந்து, 5,000க்கும் மேற்பட்ட படிகள் ஏறி, 2,243 மீட்டர் உச்சியில் சூரிய உதயம் காண்பது இவ்வினத்தின் மரபு. குளிரில்லாத நாடு என்று நம்பி அரைக்காற்சட்டையோடு வந்தவர் ஹட்டன் கடைத்தெருவில் கம்பளித் தொப்பி வாங்குவதும் இம்மரபுக்கே உரியது. அங்கே மட்டும் அவர் விலை கேட்பதில்லை.

4. கருப்பொருள்

தெய்வம்: மலையுச்சியிலுள்ள பாதம். அதைச் சைவர் சிவனுடையது என்பர், பௌத்தர் புத்தருடையது என்பர், முஸ்லிம்கள் ஆதமுடையது என்பர். முதுகுப்பொதியர் வழக்கில் தலையிடாது, மலை காலையில் எதிர்ப்புறம் வீழ்த்தும் முக்கோண நிழலைப் படமெடுத்து இறங்குவர்.

உணவு: தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல், மரக்கறி ரொட்டி, கொத்து, பிளேன்டீ. ரயிலில் வரும் இறால் வடை தனித்து ஆராயத்தக்கது. அது பெரும்பாலும் பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் சுற்றித் தரப்படும். யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பாடம், ஆசிரியரின் சிவப்பு மைத் திருத்தத்தோடு, எண்ணெயில் நனைந்து கைக்கு வரும். வடை தின்றபின் வாசிக்கவும் கிடைப்பதால் இது இரட்டைப் பயன் உடைத்து.

விலங்கு: அட்டை. மழைநாளில் தேயிலை மலையில் நடப்பவரின் காலுறைக்குள் சீட்டில்லாமல் ஏறுவது. குறைந்த செலவுப் பயணம் என்பதன் பொருளை அட்டையிடமிருந்து கற்கலாம்.

பறை: பெட்டி பூட்டிய ஆட்டோவில் பாண் விற்க வருவோர் ஒலிக்கவிடும் பெத்தோவனின் இசை. ஐரோப்பாவிலிருந்து ஐரோப்பிய இசைக்கு எட்டாத தொலைவுக்கு வந்துவிட்டதாக எண்ணுவோரை விடியற்காலையில் எழுப்புவது இதுவே.

உறைவிடம்: ஒரு கட்டில், ஒரு வெந்நீர்க் குழாய், அந்தக் குழாயில் வெந்நீர் வரும் என்ற வாக்குறுதி. 1876இல் துரைமாருக்காகத் தொடங்கப்பட்ட நுவரெலியா ஹில் கிளப்பும் உறைவிடமே. ஆயினும் அங்கே இரா உணவுக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் வேண்டும். இல்லாதாருக்கு இரவல் கொடுப்பார்கள். கோட்டுக்குக் கீழே செருப்பு தெரியும் என்பதே இவ்வினம் அங்கு அரிதாகக் காணப்படுவதற்குக் காரணம்.

ஊர்தி: கோச்சி. ரயில் பாதை 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டியது. தோட்டத்து விளைச்சலைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் முதன்மை நோக்கம். பள்ளத்தாக்கைக் காட்டுவது பிற்காலத்தில் சேர்ந்த பயன். ஆசனம் பதிவுசெய்யும் பெட்டிகள் விற்பனைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிடுவதால், முதுகுப்பொதியர் பதிவில்லா மூன்றாம் வகுப்பில் ஏறுவர். அங்கே ஓர் அரிய ஒத்திசைவு நிகழ்கிறது. தலவாக்கலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் மூதாட்டிக்கு ஆசனம் வேண்டும், வாசல் வேண்டாம். முதுகுப்பொதியருக்கு வாசல் வேண்டும், ஆசனம் வேண்டாம். இரு தேவையும் ஒரே பெட்டியில் சண்டையின்றி நிறைவேறும். ஆனால் அவர் பொதி ஆசனத்தில் அமர்ந்துவிட்டால் இவ்விதி செல்லாது.

வாசலில் தொங்கும் கலைக்கு எல்லை வகுப்பது, ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையிலுள்ள சிங்கமலைச் சுரங்கம். அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த இருட்டில் எல்லாத் தலைகளும் உள்ளே வரும். வராதவர் உண்டு. படத்துக்காகத் தொங்கி விழுந்து இறந்த பயணிகளும் இப்பாதையில் உண்டு. அவ்விடத்து இவ்வாய்வு நகைப்பதை நிறுத்திக்கொள்கிறது.

5. உரிப்பொருள்

பேரம் பேசலும் பேர நிமித்தமும். நானுஓயா ஸ்டேஷனிலிருந்து நுவரெலியா நகரத்துக்கு எட்டுக் கிலோமீட்டரளவு தூரம். ஆட்டோக்காரர் ஒரு விலை சொல்வார், முதுகுப்பொதியர் அதில் பாதி சொல்வார், இருவரும் நடுவில் சந்திப்பர். பஸ் அதற்குள் போயிருக்கும்.

இதன்கண் இரண்டு விதிகள் பெறப்படும். முதலாவது, மிச்சம் பிடித்த தொகை சிறிதாகுந்தோறும் அதைப் பற்றிச் சொல்லும் கதை நீளும். இரண்டாவது, உள்ளூர் விலை கேட்பவர் உள்ளூர்ச் சம்பளம் கேட்பதில்லை.

இரண்டாம் விதிக்குக் கணக்கு தேவை. 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. பொருளாதாரம் சரிந்து, அவ்வாண்டு மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. ஒரே டாலர் வைத்திருந்தவருக்கு மலைநாடு திடீரென மலிந்தது. மாவும் மண்ணெண்ணெயும் வாங்கியவருக்கு அதே மலை அதே வாரத்தில் விலை ஏறியது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நெடுங்காலக் கோரிக்கைக்குப் பின் 2021இல்தான் 1,000 ரூபாவானது. 2024இல் 1,350 ஆனது. அதுவும் குறித்த கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர் போடுவது தோட்டத்து வழக்கம். ஒரு நாளைக்கு இருபது டாலரில் வாழ்ந்து காட்டுவதாகப் பெருமைப்படுபவர், தாம் படமெடுத்த பெண் அதனினும் மிகக் குறைந்த தொகையில் ஒரு குடும்பத்தையே வாழ்விப்பதை அறிவாராயின், அத்துறையில் தமக்கு ஆசிரியர் யாரென்பது விளங்கும்.

6. சுமை ஒப்பீடு

முதுகுப்பொதியரின் பை இரு தோளிலும் இடுப்பிலும் பட்டி போட்டு, பாரம் பரவும்படி தைக்கப்பட்டது. கொழுந்துக் கூடை தலையில் மாட்டிய கயிற்றில் தொங்குவது. பல தோட்டங்களில் இப்போது கூடைக்குப் பதில் சாக்கு. பை காலையில் எந்த எடையோ மாலையிலும் அதே. கூடை காலையில் வெறுமை, நிறுக்கும் நேரத்தில் நிறைவு. விமான நிலையத்தில் பையின் எடையையும் சேர்த்தே நிறுப்பர், கூடினால் காசு வாங்குவர். தோட்டத்தில் சாக்கின் எடை என்றும் இலையின் ஈரம் என்றும் கழித்தே எழுதுவர், கழித்த அளவுக்குக் காசும் கழியும். எப்படி நிறுத்தாலும் சுமந்தவருக்கே நட்டம் என்பது இரு முறைக்கும் பொது.

நடையும் ஒப்பிடத்தக்கது. ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து செல்லும் பெக்கோ நடைபாதை அண்மையில் உருவானது. அதில் பெரும்பகுதி தோட்டங்களின் பழைய வழிகளே. தொழிலாளர் வேலைக்குப் போனபோது அவற்றுக்குப் பெயர் இல்லை. நடப்பவர் காசு கொடுத்து வந்ததும் பெயரும் வரைபடமும் வந்தன.

7. முடிபு

குறைந்த செலவுப் பயணம் என்பது செலவு குறைந்ததால் நிகழ்வதன்று, யாரோ குறைவாக வாங்குவதால் நிகழ்வது. இதனால் அது பாவம் என்பது பெறப்படாது. மூன்றாம் வகுப்பில் ஏறுபவர் சொகுசுப் பெட்டிக்காரரைவிடக் கூடுதலாக மனிதரைக் காண்கிறார், அவர் காசும் நேராக வடைக்காரர் கைக்கே போகிறது. ஆகவே இவ்வினத்தைக் காப்பது தகும். பின்வரும் ஒழுகலாறு அதற்குப் போதுமானது. பொதியை மடியில் வைக்கவும். படமெடுக்குமுன் கேட்கவும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலை எட்டிப் பார்க்க வேண்டாம், அது வீடு. ஆட்டோவில் பேரம் பேசலாம், தேத்தண்ணிக் கடையில் பேசலாகாது.