பி மெமோவும் ஜி.ஓ.வும்: புறம்போக்கின் பெரிய மனுஷ வரலாறு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் அரசு நிலத்துக்குள் நுழைய இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றில் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு நுழையலாம். அப்படி நுழைந்தவருக்கு தாசில்தார் ஆபீஸிலிருந்து ‘பி மெமோ’ வரும். இன்னொன்றில் கையில் ஃபைலோடு நுழையலாம். அவருக்கு ‘ஜி.ஓ.’ வரும். முதல் ஆளுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். இரண்டாவது ஆளுக்கு ஒதுக்கீடுதாரர் என்று பெயர்.

பி மெமோ என்பது 1905-ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம் பெற்ற பிள்ளை. சர்க்கார் நிலத்தில் உட்கார்ந்தவனிடம் தீர்வையும் அபராதமும் வசூலித்தால் பயந்துபோய் எழுந்து ஓடிவிடுவான் என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டான். நம் ஆளா ஓடுவான்? அபராத ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். “நாற்பது வருஷமா பி மெமோ கட்டுறோம் சார், பட்டா குடுங்க” என்று மனுநீதி நாளில் அதையே நீட்டினான். குற்றத்துக்கான ரசீதை உரிமைக்கான ஆதாரமாக மாற்றிய பெருமை உலகத்தில் வேறு எந்த இனத்துக்கும் கிடையாது.

ஆனால் இந்த வரலாறு அவனைப் பற்றியது அல்ல. அவனை எழுப்ப புல்டோசர் இருக்கிறது. ஃபைல் வாசலில் நுழைந்தவரை எழுப்ப பத்திரிகைக்காரனை விட்டால் நாதியில்லை. அவனாலும் எழுப்ப முடியாது, கொஞ்சம் நெளியவைக்க முடியும். அந்த நெளிதல்களின் வரலாறு இது.

கும்பினி காலத்தில் நிலம் அளப்பது ரொம்ப எளிது. 1690-ல் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியரிடம் வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழுகிற தூரம் வரை நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம். கும்பினிக்காரன் லேசுப்பட்டவனா? இருக்கிறதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டான். எல்லைக்குள் விழுந்தவை ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. குண்டு உப்பலவாடி இன்றைக்கும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. சர்வேயருக்கு டீ கூட வாங்கித் தராமல் முடிந்த ஒரே நில அளவை அதுதான்.

அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். கும்பினி வேலையையும் சொந்த வியாபாரத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்த்தார் என்று புகார் கிளம்பி, 1692-ல் பதவி பறிபோனது. மனுஷன் கலங்கவில்லை. சேர்த்ததோடு லண்டன் போனார். 1718-ல் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ராஜாவின் படமும் அனுப்பிவைத்தார். அவர்கள் பெயரையே மாற்றி யேல் என்று வைத்துக்கொண்டார்கள். விசாரணையைத் தாண்டியவர்கள் கடைசியில் கல்வித் தந்தை ஆவது நாம் கண்டுபிடித்த வழக்கம் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து வந்தவர் பால் பென்ஃபீல்ட். சில நூறு பவுன் சம்பளத்தில் கும்பினி குமாஸ்தா. 1776-ல் இவர் ஒரு கணக்கு நீட்டினார்: ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்த வகையில், தஞ்சாவூர் வருவாயும் விளைச்சலும் தனக்கு அடமானம்; வரவேண்டிய பாக்கி இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பவுனுக்கு மேல். “இவ்வளவு பணம் உனக்கு ஏதப்பா?” என்ற ரகத்தில் குறுக்கே நின்ற கவர்னர் பிகட் பிரபுவை, சபை உறுப்பினர்களே சேர்ந்து கைது செய்துவிட்டார்கள். அவர் மறு வருஷம் காவலிலேயே செத்துப்போனார். வருமானத்துக்கு அதிகமாகச் சொத்து சேர்த்தவரை விட்டுவிட்டு, கேள்வி கேட்டவரை உள்ளே வைத்த முதல் பெரிய வழக்கு. இதையெல்லாம் எழுத அப்போது சென்னையில் ஒரு பேப்பர் கூடக் கிடையாது.

பேப்பர் வந்தது 1785-ல். ‘மெட்ராஸ் கூரியர்’. நடத்திய ரிச்சர்ட் ஜான்ஸ்டன் யார் என்றால், சர்க்காரின் அச்சுக்காரர். எனவே சர்க்காரைப் பற்றி என்ன எழுதியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1795-ல் ஹம்ஃப்ரீஸ் என்று ஒருவர் அனுமதியே வாங்காமல் ‘இந்தியா ஹெரால்ட்’ என்று ஆரம்பித்து, சர்க்காரைத் தாறுமாறாக எழுதினார். பிடித்து, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஏற்றினார்கள். அவர் கப்பலிலிருந்தே தப்பி ஓடிவிட்டார். சென்னைப் பத்திரிகை உலகின் குலதெய்வம் என்று யாரையாவது கும்பிட வேண்டுமானால், கூரியர்காரரை விட்டுவிட்டு இந்த ஓடுகாலியைத்தான் கும்பிட வேண்டும்.

சுதந்திரம் வந்தது. 1955 ஜனவரியில் நம்ம ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. நேரு வந்தார், காமராஜர் இருந்தார், சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். உலகப் பத்திரிகைகளிலெல்லாம் ஆவடி பெயர் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஊர் பெயர் வெளியூர்க்காரர்கள் காதில் விழுவது டாங்க் தொழிற்சாலைக்காகவும், சென்ட்ரலில் கடைசி மின்சார ரயில் அறிவிப்பிலும்தான்.

சோஷலிசத்துக்கு வீடு வேண்டாமா? 1961-ல் வீட்டு வசதி வாரியச் சட்டம் வந்தது. வீட்டுக்கு நிலம் வேண்டாமா? அங்கேதான் சர்க்காரின் பார்வை ஏரிகள் மேல் விழுந்தது. இதற்கு முன்னோடி உண்டு. 1920-களில் நீதிக்கட்சி ஆட்சி மாம்பலத்து நீள ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் போட்டது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ இருக்கிறது. வியூவுக்கு லேக்தான் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரிக்குள் வள்ளுவர் கோட்டம் எழும்பியது. அந்தக் கை மேற்கே நீண்டபோது அதற்குச் சொன்ன பெயரில் ஒளிவுமறைவே இல்லை: ‘முகப்பேர் ஏரித் திட்டம்’. ஏரிக்கு ஏதோ நல்லது செய்யப்போகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும் அல்லவா? ஏரிதான் மனை. தார்ப்பாய்க்காரன் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் நீர்நிலை ஆக்கிரமிப்பு. வாரியம் ஏரிக்கு நடுவிலேயே உட்கார்ந்தால் உயர் வருவாய்ப் பிரிவு.

மனை போட்டாயிற்று, யாருக்குக் கொடுப்பது? நூற்றுக்கு 85 குலுக்கலில். பாக்கி 15 அரசின் விருப்புரிமைக்கு. எளிய தமிழில் சொன்னால், 85 பேருக்கு அதிர்ஷ்டம் வேண்டும், 15 பேருக்கு ஆள் வேண்டும். விருப்புரிமையில் யார் யார் வரலாம் என்று விதி இருந்தது: கைவிடப்பட்ட பெண்கள், விதவைகள், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர், சமூக சேவகர்கள், அப்பழுக்கற்ற பணிப்பதிவு உள்ள அரசு ஊழியர்கள் இத்யாதி. மனசு இளகும் பட்டியல். முதல் நான்கையும் விட்டுவிட்டுக் கடைசி இரண்டில் மட்டும் கூட்டம் அலைமோதும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தேதான் எழுதினார்களா என்பது கோட்டை ரகசியம்.

இதற்கு நடுவில் கிண்டியில் ஒரு கிளைக்கதை. அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மூத்தது கிண்டி எஸ்டேட். அங்கே ‘டான்சி’ என்ற அரசு நிறுவனத்தின் வார்ப்பட ஆலை நிலம் மூன்று ஏக்கர் சொச்சத்தை, 1992-ல் ஜெயா பப்ளிகேஷன்ஸ் வாங்கியது. அதன் பங்குதாரர் ஜெயலலிதா. அப்போது முதலமைச்சரும் ஜெயலலிதா. விற்றவரும் வாங்கியவரும் ஒரே வீட்டில் காபி சாப்பிட்டால் பேரம் படியாமலா போகும்? பத்திரிகைகள் எழுதின, எதிர்க்கட்சிகள் கத்தின, வழக்கு வந்தது. பத்திரத்தில் இருப்பது என் கையெழுத்தே இல்லை என்றார் வாங்கியவர். 2000 அக்டோபர் 9-ல் மூன்று வருஷம் தண்டனை. முக்கியமாக அதனால் 2001 தேர்தலில் மனு போட்ட நான்கு தொகுதியிலும் நிராகரிப்பு. இருந்தும் முதல்வரானார். உச்ச நீதிமன்றம் செப்டம்பரில் இறக்கியது. அந்த நாற்காலியில் அன்றைக்கே ஒருவர் நுனியில் உட்கார்ந்தார். அந்த மூன்று ஏக்கரில் விளைந்த ஒரே பயிர் ஓ. பன்னீர்செல்வம்.

2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அரசு சொத்தை அமைச்சர் வாங்கக் கூடாது என்பது நடத்தை விதிதான், சட்டம் இல்லை என்றார்கள். கூடவே, மனசாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கலாமே என்றும் சொன்னார்கள். நிலம் திரும்பியது. மனசாட்சி என்று ஒரு நீதிமன்றம் இருப்பதும், அதற்கு சம்மன் அனுப்ப டில்லிக்குத்தான் அதிகாரம் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

இனி முகப்பேருக்கு வருவோம். டான்சியை மேடைக்கு மேடை கிழித்த கட்சி 2006-ல் ஆட்சிக்கு வந்தது. 2010 வாக்கில் தகவல் உரிமைச் சட்டத்தில் சிலர் மனுப் போட்டு, வாரியத்திலிருந்து விருப்புரிமைப் பட்டியலை வாங்கினார்கள். அது நிருபர்களின் கைக்கு வந்தது.

பட்டியல் படிப்பது ஒரு கலை. அதில் கட்டங்கள்தான் இருக்கும்: வரிசை எண், பெயர், முகவரி, பிரிவு, மனை எண். சாதாரண ஆள் பெயரைப் பார்ப்பான், ஒன்றும் விளங்காது. நிருபர் முதலில் பிரிவைப் பார்ப்பார். ‘சமூக சேவகர்’ என்று இருந்தால் முகவரிக்குப் போவார். முகவரி அரசு அதிகாரிகள் குடியிருப்பாக இருந்தால் தகப்பனார் யார், வீட்டுக்காரர் யார் என்று விசாரிப்பார். அந்தப் பெயர் கோட்டையில் எந்தக் கதவில் பலகையாகத் தொங்குகிறது என்று தெரிந்துவிட்டால் தலைப்பு ரெடி. அதிகாரிகளின் மனைவி, மகன், மகள் எல்லாம் சேவகர்களாக இருப்பதாக அடுத்தடுத்து செய்திகள் வந்தன. எந்தச் சேரியில் எந்தச் சேவை என்று மட்டும் கேட்கக் கூடாது. அமைதியாகச் செய்வதுதான் சேவை.

அதே சமயம் பம்பாயில் ‘ஆதர்ஷ்’ என்று 31 மாடி. கார்கில் வீரர் பெயரைச் சொல்லி எழும்பிய கட்டடத்தில் யார் யாருக்கு வீடு என்று பத்திரிகைகள் மாடி மாடியாக ஏறிப் படித்ததில், 2010 நவம்பரில் முதலமைச்சர் அசோக் சவான் ராஜினாமா. நம்மூரில் யாரும் ராஜினாமா செய்யவில்லை. தேர்தல்தான் வந்தது.

2011-ல் ஆட்சி மாறியதும் லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் திடீரென்று பார்வை தெளிந்தது. அதற்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கண் ஆபரேஷன் நடப்பது வழக்கம். உளவுத்துறையைக் கவனித்த ஐ.பி.எஸ். அதிகாரி ஜாபர் சேட்டின் குடும்பத்துக்குத் திருவான்மியூரில் கிடைத்த மனை பற்றி வழக்கு. ஊரில் யார் என்ன செய்கிறார்கள் என்று எல்லாம் தெரிந்த துறை, தன்னைப் பற்றி பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த வழக்கை 2019-ல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இன்னொன்று நம்ம ஏரித் திட்டத்திலேயே. 2008 மார்ச்சில், முதலமைச்சரின் தனிப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த காவல்துறைக்காரருக்கு, அப்பழுக்கற்ற அரசு ஊழியர் என்ற வகையில் உயர் வருவாய்ப் பிரிவு மனை ஒதுக்கப்பட்டது. அப்போது வீட்டு வசதி அமைச்சர் ஐ. பெரியசாமி. ஒதுக்கீட்டில் முறைகேடு என்று வழக்கு. 2023 மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் அமைச்சரை விடுவித்தது. காரணம், வழக்குத் தொடர அனுமதி தந்தது சபாநாயகர், தர வேண்டியவர் ஆளுநர். யாரும் மேல்முறையீடு கேட்காமலே உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமாக ஃபைலை எடுத்தார். 2024 பிப்ரவரி 26-ல் விடுவிப்பை ரத்து செய்து விசாரணை நடத்தச் சொன்னார். ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. 16 வருஷத்தில் மனை கேட்டு, மனை வாங்கி, ஆட்சி இரண்டு முறை மாறி, அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியது யார் என்ற இடத்துக்கு வந்து நின்றோம். குற்றமா இல்லையா என்பது கோர்ட் பாடு. இந்த வேகத்தில் ஒரு பி மெமோ வழக்கு நடந்தால் தார்ப்பாய்க்காரனின் பேரன் அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருப்பான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. யேல் முதல் முகப்பேர் வரை, ஃபைல் வாசலில் நுழைந்த யாரும் பூட்டை உடைக்கவில்லை. எல்லாரிடமும் ஒரு காகிதம் இருந்தது: ஒப்பந்தம், அடமானம், கிரயப் பத்திரம், ஒதுக்கீட்டு உத்தரவு. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்துவிடும், அங்கேயும் விருப்புரிமைதான். அதனால் பேப்பர்காரன் செய்யக்கூடிய வேலை ஒன்றே: அந்தக் காகிதத்தை ஊர் கேட்கச் சத்தமாகப் படிப்பது. தண்டனை கிடைக்காது. ஆனால் சமூக சேவகர் என்று கையெழுத்துப் போட்டவர் மறுநாள் காலை நடைக்குப் போகும்போது, பக்கத்து வீட்டுக்காரர் “என்ன சார், சேவை எப்படிப் போகுது?” என்று கேட்பார். நம் நாட்டில் மனசாட்சி அந்த ரூபத்தில்தான் சம்மன் கொடுக்கிறது.

பேப்பர்காரனுக்கு இதில் ஒரு சங்கடமும் உண்டு. அரசு எங்கள் இனத்தையும் மறக்கவில்லை. திருவான்மியூர்ப் பக்கம் ‘ஜர்னலிஸ்ட் காலனி’ என்றே ஓர் இடம் இருக்கிறது. பத்திரிகையாளர் சங்கங்கள் எந்த முதல்வரைப் பார்த்தாலும், சால்வைக்கு அடுத்து நீட்டுவது மனை கேட்கும் மனுவைத்தான். கூரியர் ஜான்ஸ்டனின் வாரிசுகள் குறையவே இல்லை. ஆகவே இளம் நிருபர்களுக்கு ஓர் ஆலோசனை: பட்டியல் கைக்கு வந்ததும் தலைப்பு யோசிக்க அவசரப்படாதீர்கள். முதலில் உங்கள் எடிட்டர் பெயர் எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள்.