வல்வில் ஓரியின் வாரிசுகள்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் சாய்த்தான் என்று இரண்டாயிரம் ஆண்டாகப் புகழ் பாடிக்கொண்டிருக்கிறோம். பாவம், ஓரிக்கு அம்பாவது வேண்டியிருந்தது. அதே மலையடிவாரத்தில், சேலம் நாமக்கல் சமவெளியில் இன்று கோலோச்சும் கல்விக் கொடைவள்ளல்களுக்கு, சுயநிதி பி.எட். கல்லூரித் தாளாளர் பெருமக்களுக்கு, அதுவும் வேண்டாம். ஒரு முனைவரின் அசல் சான்றிதழ் பீரோவுக்குள் வந்து சேர்ந்தால் போதும். முனைவர் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் திருப்பெயர் பேராசிரியர் பட்டியலில் ஆண்டுக்கணக்காக ஒளிவீசும். ஆய்வுக்குழு எழுந்தருளும் நாளில் மட்டும் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்து, குழு சாப்பிடப் போகும்போது அடுத்த ஊர்க் கல்லூரிக்கு ஆட்டோ ஏறுவார். ஓரி இருந்திருந்தால் வில்லைக் கீழே வைத்து வணங்கியிருப்பான்.

இப்பேர்ப்பட்ட அருஞ்செயல் தனி ஒருவரால் ஆகுமா? இதற்குப் பின்னால் ஓர் உன்னதக் கூட்டுறவு இருக்கிறது. அங்கீகாரம் அருளும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் டெல்லியில். பட்டம் அருளும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், 2008-ல் அவதரித்தது, சென்னையில். அதன் திருவடி நிழலில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் தமிழகம் முழுக்க. பயிற்சிக்கு இடம் தரும் பள்ளிகள் பக்கத்துத் தெருவில். பெரியவர்களுக்குள் இருக்க வேண்டிய மரியாதையான தூரம் இது. கல்லூரி நடத்தாது, பல்கலைக்கழகம் நேரில் பாராது, பள்ளி வாய்விட்டுக் கேட்காது. ஒருவர் தூக்கத்தை ஒருவர் கலைக்காத இந்த இல்லற தர்மத்தை எந்தக் குடும்பத்தில் காண முடியும்?

குழுமம் 2014-ல் இயற்றிய விதிகளைப் படித்தால் பக்தியில் கண் கசியும். ஓராண்டாக இருந்த பி.எட். படிப்பை 2015-16 முதல் ஈராண்டாக்கிய திருவிதிகள் அவை. ஆண்டுக்கு 200 வேலை நாள். வகுப்புக்கு 80 விழுக்காடு வருகை, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு. பள்ளிக்கூடத்தில் 20 வாரப் பயிற்சி. இருநூறு மாணவருக்கு 16 ஆசிரியர். அதில் நுண்கலைக்கு ஒருவர், நிகழ்த்துகலைக்கு ஒருவர். ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பட்டறைகளுக்கும் நடுவே நிகழ்த்துகலைப் பேராசிரியர் ஒருவர் மாதச் சம்பளத்தில் வீற்றிருப்பதாக நினைத்துப் பார்க்கவே நெஞ்சு குளிர்கிறது. இந்த விதிகளில் ஒன்றையாவது நம் வள்ளல்கள் மீறியதாகக் கோப்பில் ஒரு வரி காட்ட முடியாது. கோப்பில் எல்லாம் இருக்கின்றன. கோப்பு ஒன்றுதான் அங்கே ஒழுங்காகக் கல்லூரிக்கு வருகிறது.

மாணவர்களின் சித்தியைச் சொல்லாமல் விட்டால் நா அழுகிவிடும். கொல்லிமலைச் சித்தர்கள் ஒரே வேளையில் இரண்டு இடங்களில் தோன்றுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். இங்கே இருபத்து மூன்று வயதுப் பெண் காலை ஒன்பது மணிக்குத் திருச்செங்கோட்டுத் தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதே ஒன்பது மணிக்கு நெடுஞ்சாலையோரக் கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலும் நீல மையில் இருக்கிறாள். கேரளத்திலும் ஆந்திரத்திலும் இருந்தபடியே இங்கே 80 விழுக்காடு வருகை புரிந்த மகான்களும் உண்டு. கல்லூரி அலுவலக மேசையில் இதற்கு அழகான கேள்வி ஒன்று வைத்திருக்கிறார்கள்: “ரெகுலரா, இர்ரெகுலரா?” வராதவருக்குக் கட்டணம் சற்றுக் கூடுதல். வந்து பெஞ்சைத் தேய்க்காமல், மின்விசிறியை ஓட விடாமல், ஆசிரியரைத் தேட வைக்காமல் இருப்பவரிடம் அதிகம் வாங்குவதுதானே நியாயம்? அந்தக் கூடுதலுக்காகத் தாயின் தோட்டை அடகு வைத்தவளும் தியாகத்தின் அருமையை அங்கேயே கற்றுக்கொள்கிறாள். பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை இந்தக் கல்லூரிகள் கற்பிக்கவில்லை என்று யார் சொன்னது?

செய்முறைத் தேர்வு நாள் என்றால் திருவிழாதான். முதல் நாள் இரவே சேலம் ஜங்ஷனில் வந்திறங்கும் மாணவச் செல்வங்கள் ஆட்டோக்காரரிடம் தங்கள் கல்லூரிக்கு வழி கேட்கிறார்கள். கூடத்தில் நீளமாக மேசைகள். அவற்றின்மேல் பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகள், பாடக்குறிப்புகள், உற்றுநோக்கல் பதிவேடு, உளவியல் சோதனைகள். எல்லாம் ஒரே கையெழுத்து. நாற்பது பேருக்கும் ஒரே சிந்தனை, ஒரே எழுத்துப்பிழை. பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதிக்கொடுக்கும் அந்தப் பெயர் தெரியாத மகானுக்கு முதலில் ஒரு கௌரவ முனைவர் பட்டம் தர வேண்டும். அந்தக் கட்டடத்தில் பி.எட். படிப்பை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவரே. மேசையின் கோடியில் தெர்மாகோல் எரிமலை. சிவப்புப் பெயிண்ட் உதிர்ந்த அதன் அடியில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டைச் சுரண்டினால் கீழே இன்னொரு பெயர், அதற்கும் கீழே இன்னொன்று. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் இந்த எரிமலையைக் குருகுல மரபின் தொடர்ச்சி என்று போற்றாமல் என்ன செய்வது? வெளித்தேர்வாளர் அதைக் கண்குளிரப் பார்க்கிறார், மதிப்பெண் இடுகிறார், மதியச் சாப்பாட்டுக்கு எழுகிறார்.

இந்தப் பெருமை எல்லாக் கல்லூரிக்கும் வாய்த்துவிடவில்லை என்பதையும் வருத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும். மாநிலத்தின் 7 அரசுக் கல்வியியல் கல்லூரிகளில் ஒன்று நம் குமாரபாளையத்தில் இருக்கிறது. அங்கே கலந்தாய்வில் இடம் பிடித்த பிள்ளைகள் இன்னும் பஸ் ஏறி வகுப்புக்குப் போகிறார்களாம். சில தனியார் கல்லூரிகளிலும் இந்தப் பழைய பழக்கம் விடவில்லை. காலத்தோடு ஒட்டாதவர்கள். 1856-ல் தொடங்கிய சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் நிழலில் ஒரு மாதிரிப் பள்ளியே நடந்தது. பாடம் நடத்தக் கற்பவன் குழந்தை முகத்தைப் பார்த்தாக வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ நினைத்திருக்கிறார்கள். 1963-ல் தொடங்கிய மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனம் வளாகத்துக்குள்ளேயே பள்ளிக்கூடம் வைத்து, பட்டத்தையும் பயிற்சியையும் நான்கு ஆண்டாகச் சேர்த்துப் பின்னுகிறது. அமெரிக்காவில் ஊர்ப்பக்கத்துச் சமுதாயக் கல்லூரி முதல் இரண்டு ஆண்டும், பல்கலைக்கழகம் பின்னிரண்டு ஆண்டும் என்று பங்கு பிரித்துக்கொண்டு, பல இடங்களில் தொடக்கத்திலேயே பிள்ளைகளை வகுப்பறையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். பின்லாந்தில் பல்கலைக்கழகங்களே பயிற்சிப் பள்ளி நடத்துகின்றன. எவ்வளவு வீண் செலவு! எவ்வளவு அலைச்சல்! சேலம் பக்கம் வந்து ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரு ரப்பர் ஸ்டாம்பில் முடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

நம் கூட்டுறவின் வெற்றிக்குச் சான்று கேட்கும் அற்பர்கள் 2012 ஜூலையைத் திரும்பிப் பார்க்கட்டும். தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு. பட்டமும் பட்டயமும் கையில் வைத்திருந்த ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 150-க்கு 90 எடுத்துத் தேறியவர்கள் 2,448 பேர். நேரம் ஒன்றரை மணிதான், போதவில்லை என்று முறையிட்டார்கள். அக்டோபரில் மூன்று மணி நேரம் தந்து மறுதேர்வு நடந்தது, அப்போதும் நூற்றுக்குச் சில பேரே தேறினார்கள். அதற்கு முன்பு அத்தனை பேருக்கும் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்புமாக வாரி வழங்கியிருந்த நிறுவனங்களின் தயாள குணம் இந்தத் தேர்வு வந்திராவிட்டால் உலகுக்குத் தெரிந்தே இருக்காது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையமும் அதே 2012-ல், தனித்து நிற்கும் ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்ற முடிவுக்கு வந்தது. விற்பவன் பணம் வாங்கிக்கொண்டு சரக்கை ஒழுங்காகக் கையில் கொடுத்துவிடுகிறான் என்ற நேர்மையை ஆணையம் குறிப்பிடாமல் விட்டது பெரும் குறை.

இந்த மண்ணின் பள்ளிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆசிரியர்களை எங்கே தேடுவது? பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலே பிளஸ் டூவை இரண்டு ஆண்டு உருப்போட வைத்து மாநில ரேங்க் வாங்கிய விடுதிப் பள்ளிகளின் பூமி இது. பிராய்லர் பள்ளி என்று பொறாமையில் பெயர் வைத்தார்கள். 2017-ல் அரசு ரேங்க் அறிவிப்பை நிறுத்தி, 2017-18 கல்வியாண்டு முதலே பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்து அந்தப் பள்ளிகளின் மனதை நோகடித்தது. 2025-ல் அந்தப் பொதுத்தேர்வை விலக்கி நோவுக்கு மருந்தும் தடவிவிட்டது. அங்கே “ஏன் சார்?” என்று ஒருமுறைகூடக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை, வகுப்பறையை ஒருமுறைகூடப் பார்க்காமல் ஆசிரியராகி, அதே வகுப்பறைக்குத் திரும்புகிறது. எதிரில் இருக்கும் குழந்தைக்குப் பின்னம் ஏன் புரியவில்லை என்று யோசிக்கும் கெட்ட பழக்கம் அதற்கு இருக்காது. கைடு இருக்கிறது, பிரம்பு இருக்கிறது. புரியாத குழந்தை எட்டாவதோடு செங்கல் சூளைக்கோ லாரிப் பட்டறைக்கோ போய்ச் சேரும். லாரிப் பட்டறைக்கும் ஆள் வேண்டாமா?

இவ்வளவுக்குப் பிறகும் நம் ஆட்சியாளர்களின் கருணை ஓயவில்லை. நான்காண்டுப் பட்டமோ முதுநிலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு மறுபடியும் ஓராண்டு பி.எட். கொண்டுவரும் வரைவு விதிகளைக் குழுமம் 2025-ல் வெளியிட்டது. இரண்டு ஆண்டு வராமல் இருந்து படிக்க வேண்டியதை இனி ஒரே ஆண்டு வராமல் இருந்து படித்து முடித்துவிடலாம். தாளாளர் பெருமக்கள் புது பேனருக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த சேர்க்கைக்குள் எரிமலைக்கும் ஒரு கோட் சிவப்பு அடித்துவிடுவார்கள்.