ஓசிச் சரக்கை ஜெயித்த மெஷின்

1951. போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியும் லண்டனில் இறைச்சிக்கு ரேஷன். அதற்காகத் திருவிழா நடத்தாமல் இருக்க முடியுமா? 'பிரிட்டன் திருவிழா' என்று அரசாங்கமே ஒன்றை எடுத்தது. அதன் அறிவியல் கண்காட்சி சவுத் கென்சிங்டனில். அங்கே ஏதாவது வைக்கிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்த ஃபெரான்டி கம்பெனி, எதை வைப்பது என்று விழித்தது. கம்பெனியில் வேலை பார்த்த ஜான் பென்னட் என்ற ஆஸ்திரேலியர் வழி சொன்னார்: நிம் ஆடுகிற கம்ப்யூட்டர் ஒன்றைச் செய்துவிடலாம்.

நிம் என்பது தீக்குச்சி ஆட்டம். சில குவியல்கள் இருக்கும். உங்கள் முறை வந்தால் ஒரே குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் குச்சியை எடுத்தவர் ஜெயித்தார். இதில் ஜெயிக்கும் சூத்திரத்தை 1901இலேயே சார்ல்ஸ் பூட்டன் என்ற கணக்குப் பேராசிரியர் போட்டு உடைத்துவிட்டார். சூத்திரம் தெரிந்தவருக்கு அது ஆட்டமே இல்லை, வெறும் வசூல்.

குச்சி பொறுக்கப் பிறந்த அந்த மெஷினுக்கு நிம்ராட் என்று பெயர். அகலம் 12 அடி, ஆழம் 9 அடி, உயரம் 5 அடி. வயிற்றுக்குள் 480 வால்வுகள். திரை கிடையாது, எரிந்து அணைகிற பல்புகள்தான். அதனாலேயே இதை வீடியோ கேம் வம்சத்தில் சேர்க்கச் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கம்பெனிக்கோ 'விளையாட்டு' என்ற சொல்லே ஆகாது. நாங்கள் கணிதம் கற்பிக்கிறோம், கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கிறது என்று காட்டுகிறோம் என்று விளக்கப் புத்தகம் போட்டு, ஒன்றரை ஷில்லிங்குக்கு விற்றார்கள். மெஷின் போடும் கணக்கைப் படிப்படியாக நிறுத்திக் காட்டவும் வசதி செய்திருந்தார்கள். ஜனங்கள் அதைக் கண்டுகொண்டால்தானே! வந்தார்கள், பொத்தானை அமுக்கினார்கள், தோற்றார்கள், திரும்பவும் வரிசையில் போய் நின்றார்கள். பாடம் பாட்டுக்கு ஓரமாக நின்றது. ஆவி ஆராய்ச்சிக்காரர்கள் வேறு வந்து, மனசை ஒருமுகப்படுத்தியே மெஷினை அசைத்துவிட முடியுமா என்று பார்த்தார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை.

அக்டோபரில் அதைப் பெர்லின் தொழிற்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். அரங்கின் அந்தக் கோடியில் இலவசமாகச் சரக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் அந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை! இந்தக் கோடியில் முண்டியடித்த கூட்டத்தைச் சமாளிக்க போலீஸ் வரவேண்டியதாயிற்று. கல்வித்துறை வரலாற்றில் இதற்கு இணையான சாதனை எனக்குத் தெரிந்து இல்லை.

பொருளாதார அமைச்சர் லுட்விக் எர்ஹார்டும் உட்கார்ந்து ஆடினார். மேற்கு ஜெர்மனியின் பொருளாதாரத்தையே நிமிர்த்தியவர் என்று பேரெடுத்த மனிதர், குச்சிக் கணக்கில் மூன்று ஆட்டமும் தோற்றார். அமைச்சரையே கவிழ்த்ததும் மெஷினுக்கு மவுசு இன்னும் ஏறியது.

பாடம் நடத்தி முடித்துவிட்டோம் என்று கம்பெனி சீக்கிரமே அதைப் பிரித்துப் போட்டது. எர்ஹார்ட் 1963இல் நாட்டின் சான்சலரே ஆனார். பழி தீர்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை.