நியூ ஈடனில் சும்மா இருத்தல்: புதுமுக ஓட்டுநரின் முதல் வாரம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் உருவாக்கிய, 2003 மே மாதம் வெளிவந்த 'ஈவ் ஆன்லைன்', பெருந்திரள் இணையப் பாத்திர விளையாட்டு என்னும் வகையைச் சார்ந்தது. அதாவது, ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்தவாறே ஒரே கற்பனை உலகில் ஆளுக்கொரு வேடம் பூண்டு, ஒருவர் பிழைப்பில் மற்றவர் மண் அள்ளிப் போடுவது. இவ்விளையாட்டின் ஆட்டக்காரர் விண்கப்பல் ஓட்டித் திரியும் நியூ ஈடன் என்னும் உலகில் 7,000-க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் உள்ளன. இதனைப் போர் விளையாட்டு என்பாரும் உளர். வணிக விளையாட்டு என்பாரும் உளர். இரு சாராரும் முதிர்ந்த ஆட்டக்காரர்களையே அளவுகோலாகக் கொண்டமையால் வழி தவறினர். புதிதாக நுழைந்தவரின் முதல் வாரத்தைக் கூர்ந்து நோக்குவார்க்கு, இது சும்மா இருத்தலைப் பயிற்றுவிக்கும் விளையாட்டு என்பது ஐயமற விளங்கும்.

சும்மா என்னும் சொல் தமிழில் காசின்றி, காரணமின்றி, பேச்சின்றி, வேலையின்றி எனப் பல பொருள்படும். 2016 நவம்பர் முதல் 'ஆல்ஃபா' என்னும் பிரிவில் கட்டணமின்றி ஆட இயலுவதால் முதற்பொருள் பொருந்தும். எதற்காக இந்த விண்கல்லின் அருகில் நிற்கிறோம் என்பது புதுமுகத்துக்குத் தெரியாதாகையால் இரண்டாவதும், அதைப் பிறரிடம் கேட்கக் கூச்சமாகையால் மூன்றாவதும் பொருந்தும். நான்காம் பொருளே இங்கு விரிவாக ஆராயத்தக்கது.

பிற பாத்திர விளையாட்டுகளில் அரக்கரையும் ஓநாயையும் கொன்று தேர்ச்சி பெறுவர். ஈவ் ஆன்லைனிலோ, 'ஸ்கில்' எனப்படும் திறன்களை ஒரு வரிசையில் அடுக்கிவிட்டால், அவை கடிகாரக் கணக்கில் தாமே வளரும்; ஆட்டக்காரர் கணினியை அணைத்துவிட்டு உறங்கினாலும், அலுவலகம் சென்றாலும், அந்த வளர்ச்சி நிற்பதில்லை. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள் உண்டு. கடினமான திறனின் ஐந்தாம் நிலையை எட்டப் பல வாரங்கள் ஆகும். ஆகவே முதல் நாள் இரவு கண்விழித்து ஆடியவரும், வரிசையை அடுக்கிவிட்டுப் படுத்தவரும், மறுநாள் காலையில் திறனளவில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பர் என்பதும், பின்னவர்க்குக் கண்ணெரிச்சல் இராது என்பதும் பெறப்படும்.

விழித்திருந்தே தீர்வேன் என்பார்க்குச் சுரங்கத் தொழில் உண்டு. 'வென்ச்சர்' என்னும் சிறு கப்பலை விண்கல் ஒன்றின் அருகே நிறுத்தி, ஒளிக்கற்றையை அதன்மீது பாய்ச்சிவிட்டால், 'வெல்ட்ஸ்பார்' என்னும் மலிவான தாது சிறுகச் சிறுகக் கிடங்கில் வந்து சேரும். கிடங்கின் கொள்ளளவு 5,000 கன மீட்டர். தாதுவின் ஓர் அலகு 0.1 கன மீட்டர். எனவே கிடங்கு நிறைய 50,000 அலகுகள் வேண்டும். இதனிடையே செய்யத்தக்கது எதுவுமில்லை. காய்கறி நறுக்கலாம்.

சும்மா இருக்க மாட்டாதவர் கதி என்னவெனின், அவர் பிற ஆட்டக்காரரின் தாக்குதலில் கப்பலை இழப்பர். மண்டலந்தோறும் ஒரு பாதுகாப்பு அளவு உண்டு; அது 0.5-க்குக் கீழுள்ள மண்டலங்களில் 'கான்கார்ட்' என்னும் விண்காவல் படை வாராது. மேலுள்ள மண்டலங்களிலும் அது தாக்குதல் தொடங்கிய பின்னரே வந்து, தாக்கியவரின் கப்பலை அழிக்குமேயன்றி, தாக்குண்டவரின் கப்பலைக் காக்கும் கடமை அதற்கில்லை. (இதில் புதுமை என்ன என்று வாசகர் வினவலாம், அவ்வினா இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) 'ஜிட்டா' என்னும் பெருஞ்சந்தையிலோ, இவ்வுலகின் நாணயமாகிய 'இஸ்க்'கை (ISK) அனுப்பினால் இருமடங்காகத் திருப்பித் தருவதாகக் கூவுவோர் ஓயாது கூவுவர், விதிகள் அதைத் தடுப்பதில்லை. ஐஸ்லாந்து குரோனாவின் பன்னாட்டுக் குறியீடும் இவ்வெழுத்துகளேயாதலின், பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

போர்க்களத்தில் சும்மா இருத்தல் கைகூடுமோ என மறுப்பார்க்கு, 2014 சனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்னும் மண்டலத்தில் மூண்ட போரே விடை. மண்டலத்தின் உரிமைத் தொகை உரிய நாளில் செலுத்தப்படாமையால், அதாவது வாடகை பாக்கியால், இப்போர் எழுந்தது. 7,000-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். 'டைட்டன்' என்னும் மாபெருங் கப்பல்கள் 75 அழிந்தன. கூட்டம் மிகுந்து சேவையகம் திணறும்போது காலத்தையே மெதுவாக்கும் 'டைம் டைலேஷன்' என்னும் ஏற்பாட்டின்படி, ஆட்டம் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஊர்ந்தது. ஒரு நிமிடப் போருக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. ஏறக்குறைய 21 மணிநேரம் நீடித்த அப்பெரும்போரில், வீரர்கள் பெரும்பாலும் ஆற்றியது பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கும் தொண்டேயாகும்.

இனி, அகச்சான்று. உலகெங்குமுள்ள ஆட்டக்காரர் ஒன்றுகூடும் சேவையகத்துக்கு நிறுவனத்தார் இட்ட பெயர் 'டிராங்குவிலிட்டி'. அமைதி என்பது அதன் பொருள். சீனாவுக்கென அமைந்த தனிச் சேவையகம் 'செரினிட்டி'. அதற்கும் சாந்தம் என்றே பொருள். நாள்தோறும் கிரீன்விச் நேரப்படி முற்பகல் 11 மணிக்கு, இந்திய நேரத்தில் மாலை 4.30-க்கு, டிராங்குவிலிட்டி பராமரிப்புக்காகச் சில நிமிடங்கள் மூடப்படும். அப்போது வணிகர், கொள்ளையர், காவலர் எவரும் அவ்வுலகில் இரார். திறன் பயிற்சி மட்டும் நடந்துகொண்டிருக்கும்.