ஆச்சிய வெயில்ல நிறுத்தாதலே

ஏல மருமவனே, பிசானம் அறுத்த காசு பூராவையும் ஒங்கப்பன் ஒரு லென்ஸுக்குள்ள போட்டுட்டானாம்லா? தெரு பூரா இதே பேச்சு. 85 எம்.எம்., எஃப் 1.4ன்னு ஒருத்தன் சொன்னான். நான் ஏதோ பஸ் நம்பர்னு நெனச்சிட்டேன். இருக்கட்டும், காசு இருக்கவன் வாங்குதான். நமக்கு என்ன தெரியும்? அந்தக் காலத்துல ஸ்டுடியோவுல பவுடர் டப்பாவும் சீப்பும் தூக்கிக்கிட்டு நின்ன பய நான். ஒன்னய மாதிரி யூடியூப்ல படிச்சு வந்தவனா?

ஞாயித்துக்கெழம மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆச்சியக் குறுக்குத்துறைக்குக் கூட்டிட்டுப் போயி, ஆத்துக்குள்ள இருக்க முருகன் கோயில் பின்னால தெரிய மொதப் படம் எடுக்கப் போறியாம். நல்ல யோசனை. கூட்டமே இருக்காது. கூறுள்ளவன் எவனும் அந்நேரம் அங்கன நிக்க மாட்டாம்லா.

கேட்டுக்கோ. நம்ம திருநெவேலி பூமத்திய ரேகைக்கு வடக்க எட்டே முக்கால் பாகையில இருக்கு. சித்திரை பொறக்கும்போது ஒருக்க, ஆவணி நடுவுல ஒருக்க, சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர மேல வந்து நிப்பாரு. அன்னைக்குப் பன்னெண்டே காலுல இருந்து பன்னெண்டரைக்குள்ள மித்தத்துல நின்னு பாரு, ஒன் நெழலு ஒங் காலடியில ஒளிஞ்சு கெடக்கும். மார்கழியில தெக்க சாய்வாரு, அப்பவும் ஒசரத்துலதான் நிப்பாரு. மேல இருந்து வெளிச்சம் விழுந்தா புருவத்து நெழலு கண்ணக் குழியாக்கிரும், மூக்கு நெழலு மேலுதட்டுல மீசையா உக்காந்துக்கிடும். “நாயகன் படத்துல பி.சி. ஸ்ரீராம் இருட்டு வச்சு எடுக்கலியா மாமா”ன்னு கேப்பே. அதுக்கும் முன்னால, 1972லயே, ‘காட்ஃபாதர்’ படத்துல கார்டன் வில்லிஸ்ங்கவரு மார்லன் பிராண்டோவுக்குத் தலைக்கு மேல வெளக்கப் போட்டுக் கண்ண மறைச்சிருக்காரு. அந்த ஆளு மனசுல என்ன ஓடுதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது, அதுக்குச் செஞ்ச வேல அது. ஒங்க ஆச்சி மனசுல என்ன ஓடுதுன்னு தெருக்கோடி வரைக்கும் கேக்கும். அவுக கண்ண மறைச்சு ஒனக்கு என்ன லாபம்?

காலையில ஏழு மணிக்கு நீ எந்திரிக்க மாட்டே, தெரியும். சரி, சாயங்காலம் எடு. ஆனா அம்பாசமுத்திரம், பாவநாசம் பக்கம் போனேன்னா கடிகாரத்த நம்பாத. மேக்க மல நிக்கி. பஞ்சாங்கத்துல சூரியன் மறையுததுக்கு முன்னாலயே அங்கன மலைக்குப் பின்னால எறங்கிருவாரு. நம்ம ஊரு அந்தி வெள்ளக்காரன் ஊரு அந்தி கெணக்கா நீளாது, நீ லென்ஸ் மூடியத் தேடுததுக்குள்ள இருட்டிரும். ஆனி ஆடியில மேகம் மூடுச்சுன்னா மட்டும் ஒனக்கு யோகம், வெயில அதுவே வடிகட்டிக் குடுத்துரும், மத்தியானமும் எடுக்கலாம். அதுக்காவ ஆச்சியக் கொண்டு போயி நடவு வயலுக்கு மத்தியில நிறுத்திராத. நாடிக்குக் கீழ பச்ச ஏறும்.

இம்புட்டு அலைச்சல் எதுக்கு? ஒங்க வீட்டுத் தார்சா இருக்குல்லா, அது போதும். வாசக் கதவ ரெண்டு பக்கமும் அகலத் தொறந்து வையி. நேர வெயில் உள்ள விழாத நேரமாப் பாரு. வாசல்ல இருந்து மூணடி உள்ள தள்ளி ஆச்சிய நாக்காலியில உக்கார வையி, மொகம் பாதி வாசலப் பாக்கணும். உள்ள எரியுத லைட்டெல்லாம் அணைச்சிரு. இப்ப அவுக கண்ணுக்குள்ள பாரு, வாசல் ஒரு வெள்ளப் பொட்டா மினுக்கும். அந்த மினுக்கம் இல்லாத படம் செத்த படம். நாக்காலிய உள்ள தள்ளத் தள்ள வெளிச்சமும் கொறையும், நெழலும் கெட்டியாயிரும். ஒத்த பல்பா இருந்தா கணக்கு இன்னும் மோசம், தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் காவாசிதான் மிஞ்சும்.

மறுபக்கத்துக் கன்னம் ரொம்ப இருட்டிட்டுன்னா, ஒங்கப்பன் எட்டு முழ வேட்டிய நாலா மடிச்சு ஒன் தம்பி கையில குடுத்து அந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லு. வெளிச்சம் திரும்பி அடிக்கும். வெள்ள வேட்டிதான் வேணும். காவியப் பிடிச்சேன்னா ஆச்சிக்குச் சன்னியாசக் களை வந்துரும். இதே வேலைக்குக் கடையில ரிஃப்ளெக்டர்னு வட்டமா மடக்கி ஒண்ணு விக்கான். வாங்கு, வேண்டாங்கல. வேட்டின்னா வேல முடிஞ்சதும் இடுப்புல கட்டிக்கிடலாம்.

வெளிச்சத்தப் படிக்கணும்னா டியூசனுக்குப் போவாண்டாம். திருச்செந்தூர் ரோட்டுல கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் இருக்குல்லா, அங்க போ. கேமராவ வீட்டுல வச்சிரு. நாயக்கர் காலத்துச் செலைங்க வரிசையா நிக்கி. கர்ணன் இருக்கான், தாடியோட தவம் பண்ணுத அர்ச்சுனன் இருக்கான், ராஜகுமாரியத் தூக்கிட்டு ஓடுத குறவன் இருக்கான். ஒரே மொகத்தக் காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க பாரு. வெளிச்சம் பக்கவாட்டுல வரும்போது கன்ன எலும்பு, மாரெலும்பு எல்லாம் எந்திரிச்சு நிக்கும். நேர மூஞ்சியில அடிச்சா அம்புட்டும் தட்டையாப் போவும். செதுக்கினவனுக்கு அது தெரிஞ்சிருக்கு. கல்லுல இன்னொரு சௌரியம், கண்ண மூடாது, “சீக்கிரம் எடுலே மூதி”ன்னு வையாது.

சரி, லென்ஸுக்கு வருவோம். பயப்படாத, திருப்பிக் குடுன்னு சொல்ல மாட்டேன், கடைக்காரனும் வாங்க மாட்டான். கேமராகூடச் சேத்துக் குடுத்த 18-55 லென்ஸ எங்க தூக்கிப் போட்ட? அத எடுத்து 55ல வையி. ஆச்சிட்ட இருந்து ஏழெட்டு அடி தள்ளி நில்லு. 18ல வச்சுக்கிட்டு மூஞ்சிக்குள்ள போயி நின்னேன்னா மூக்கு முன்னால வந்துரும், காது காணாமப் போயிரும். அது லென்ஸோட குத்தமில்ல, நீ நிக்க எடத்தோட குத்தம். 2018ல அமெரிக்காவுல டாக்டர்மாரு கணக்குப் போட்டே சொல்லிட்டாவ. 12 அங்குலத்துல இருந்து செல்ஃபி எடுத்தா மூக்கு 30 சதவீதம் அகலமாத் தெரியுமாம், அஞ்சடி தள்ளிட்டா ஒண்ணுமில்லையாம். செல்ஃபியப் பாத்துட்டு மூக்கச் சின்னதாக்கச் சொல்லி வந்த சனத்துக்காவ போட்ட கணக்கு அது. ரெண்டெட்டு பின்னால நடந்தா தீருத சீக்குக்குக் கத்திய எடுக்கச் சொல்லிருக்கான் பாரு.

ஒங் கேமரா சென்சார் வேற சின்னது. அதுல 50 எம்.எம். மாட்டினா 75, 80 கணக்குக்கு வந்துரும். எஃப் 1.8 போட்ட 50, இருக்கதுலயே மலிவான லென்ஸ்ல ஒண்ணு, தார்சாவுக்கு அளவெடுத்துச் செஞ்சாப்ல இருக்கும். நீ வாங்கின 85 அதே கேமராவுல 130 ஆயி நிக்கும். ஆச்சிய முழுசா எடுக்கணும்னா நீ தெருவத் தாண்டி எதுத்த வீட்டுத் திண்ணையில ஏறணும். அவுகளுக்கும் ஒங்களுக்கும்தான் பேச்சுவார்த்த இல்லையே.

பின்னால இருக்கது எல்லாம் மங்கிக் கரையணும்னு 1.4லயே தொறந்து வச்சிருப்பே. ஆறடியில நின்னு அப்பிடி எடுத்தா தெளிவா விழுதது ஒரு அங்குலம், மிஞ்சினா ஒண்ணரை. ஆச்சி மூக்குத்தி பளிச்சின்னு இருக்கும், கண்ணு கலங்கிப் போவும். நாலுக்கு மூடு, கிட்ட இருக்க கண்ணுல ஃபோகஸ் வையி. குடும்பத்தோட எடுக்கச் சொன்னா எட்டுக்கே போயிரு. ரெண்டாவது வரிசையில நிக்க பெரிய அத்தான் மங்கலா விழுந்தாருன்னு வையி, அடுத்த கல்யாணத்துப் பந்தியில ஒனக்கு எல விழாது.

இனிமேச் சொல்லப் போறதக் காதுல வாங்கிக்கோ. ஆச்சி நல்ல கறுப்பு. கேமராவுக்கு அது விளங்காது. எதப் பாத்தாலும் நடுவாந்தரச் சாம்பலாக்கப் பாக்கும். பின்னால வெள்ளச் சுவரு இருந்தா வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு மொகத்தயே முழுங்கிரும். மொகம் மட்டும் நெறஞ்சு நின்னா இருட்டுன்னு நெனச்சு வெளுக்க அடிச்சு விபூதி பூசி விட்டுரும். மொகத்துல மட்டும் அளவு எடு, கூட்டிக் கொறைக்க ஒரு பட்டன் இருக்கு, தேடு. கோடாக் கம்பெனியே ரொம்ப வருசமா வெள்ளக்காரி ஒருத்தி படத்த வச்சுத்தான் கலர் சரி பாத்துச்சு, ‘ஷெர்லி’ அட்டைன்னு அதுக்குப் பேரு. நம்ம ஸ்டுடியோக்காரங்க மட்டும் லேசுப்பட்டவங்களா? பவுடர அப்பி, நெகட்டிவ்ல பென்சில் ஓட்டி, பொண்ணு பாக்க அனுப்புத படத்துல மூணு சுத்து வெளுக்க வச்சிருவாங்க. நேர்ல வந்த மாப்பிள்ள வீட்டுக்காரங்க, “படத்துல இருக்கது அக்காவா”ன்னு கேப்பாங்க. ஒன் போன்ல இருக்க ஃபில்டரு அதே பென்சில்தாம்லே. ஆச்சி மேல அத ஓட்டாத. கறுத்த கன்னத்துல பக்கத்து வெளிச்சம் விழுந்து ஒரு மெருகு நிக்கும் பாரு, வெளுத்த தோலுக்கு அந்த யோகம் கெடையாது.

ராத்திரிதான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னேன்னா, டியூப் லைட்டப் பாத்து நடந்துக்கோ. நம்ம கரண்டுக்கு அது நொடிக்கு நூறு தடவ மங்கி எரியும். ஷட்டர ஐநூறு, ஆயிரம்னு வெரசா வச்சா படத்துல பட்ட பட்டையா விழும். நூத்துல ஒண்ணுக்கு எறக்கு. ஒத்த பல்புல மொகம் எப்பிடி இருக்கும்னு பாக்கணுமா? கீழ ரத வீதியில நெல்லையப்பர் கோயிலுக்கு எதுத்தாப்ல, மங்கின வெளக்குக்கே பேரு வாங்கி ‘இருட்டுக்கடை’ ஆன கட இருக்கு. சாயங்காலம் வரிசையில நிக்கையில அல்வாவ விட்டுட்டு ஆளுகளப் பாரு. வெளக்கப் பாத்துத் திரும்புதவன் அழகனாயிருவான், குனிஞ்சு சில்லற எண்ணுதவன் திருடன் கணக்காத் தெரிவான்.

நீ கேமராவத் தூக்கினதும் ஆச்சி கண்டிப்பாக் கேப்பாவ, “ஏல, இப்பமே மால போடப் படம் எடுக்கியா?” வயசாளிக எல்லாரும் கேக்கதுதான். முழிச்சுக்கிட்டு நிக்காத. “ஆச்சி, ஒங்க மாமியா எப்பிடிப்பட்டவுக?”ன்னு ஒரே ஒரு கேள்வியப் போடு. அம்புட்டுதான், நீ அங்க நிக்கதே அவுகளுக்கு மறந்துரும். அறுவது வருசத்துக் கோவம் கண்ணுல ஏறி வரும். சத்தம் போடாம பட்டன அமுக்கிக்கிட்டே இரு.

பெறவு, வாசல், நாக்காலி, வேட்டி எல்லாம் தயாரா இருக்குமில்லா. அன்னைக்கு நானும் சும்மா அந்தப் பக்கமா வருவேன். இஸ்திரி போட்ட சட்ட ஒண்ணு இருக்கு. என் அடையாள அட்டையில இருக்க மூஞ்சிய எங்க நீட்டினாலும் இது யாருங்கான். நானா வாயத் தொறந்து கேக்க மாட்டேன், அந்தப் பழக்கம் கெடையாது. நீயா ஒரு வார்த்த, “மாமா, அப்பிடியே உக்காருங்க”ன்னு சொல்லிரு. எனக்கு எடது பக்கம்தான் எடுப்பு. பிரிண்டு போட்டுக் கொண்டு வா, போன்ல அனுப்பினா எனக்குத் தொறக்கத் தெரியாது. அந்தப் பெரிய லென்ஸயும் சும்மா மாட்டிக்கோ, ஒங்கப்பன் அங்கனதான நிப்பான்.